படகா, பஸ்ஸா?

“முனாஸ் நானா, இன்டைக்கு மட்டும் அந்த பஸ்ஸுக்குத் தோத்தீங்கண்டா, உங்கட மூஞ்சியிலயே நான் முழிக்க மாட்டேன்!”

படகில் கால் வைக்கும்போதே ஜஹானா சொல்லிவிட்டாள்.

“நீங்க மொதல்ல ஜக்கெட்ட போடுங்கோ தங்கச்சி,” என்றார் படகோட்டி முனாஸ். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மகாவலிக்குக் குறுக்கே புதுப் பாலம் திறந்த நாளிலிருந்தே இந்தத் தலைவலிதான். பாலம் வந்தாயிற்று, பஸ்ஸும் ஓடுகிறது, இனிப் படகு எதற்கு என்று பிரதேச சபையில் கேட்டுவிட்டார்கள். முனாஸின் அப்பா காலத்தில் துடுப்புப் போட்டார்கள். அதற்கும் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தே ஆட்களை அக்கரை சேர்த்தார்களாம். இப்போது எஞ்சின் பூட்டி, உயிர்காப்பு ஜக்கெட் கொடுத்து, ஒழுங்காக ஓடும்போது நிறுத்தப் பார்க்கிறார்கள்!

விசாரிக்க வந்த அதிகாரி விவேகானந்தன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“ரெண்டும் ஒண்டா வெளிக்கிடட்டும். அக்கரைச் சந்திக்குப் படகு முதல் வந்தால் ஓடட்டும். பஸ் முதல் வந்தால், படகை நிப்பாட்டுவம்.”

ஜஹானாவுக்குக் கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. படகென்றால் மகளுக்குத் தலை பின்னி, சாப்பாடு கட்டி, ஸ்கூல் வானில் ஏற்றிவிட்டு வரலாம். வழியெல்லாம் நின்று நின்று போகும் பஸ்ஸை நம்பினால் பிள்ளையைத் தூக்கத்தில் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அது அவளால் முடியாது. படகு நின்றால் வேலையும் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே ரோட்டில் பஸ் தயாராக நின்றது. டிரைவர் சுமன் தலையை வெளியே நீட்டினான்.

“என்னங்க அக்கா, கடைசிப் பயணமா? ஆத்த நல்லா பாத்துக்கங்க!”

பக்கத்தில் நின்ற பஸ் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இவன்ட வாய்க்கொழுப்பப் பாருங்க நானா!” ஜஹானா பல்லைக் கடித்தாள்.

அதிகாரியின் உதவியாளர் பஸ்ஸில் ஏறினார். அதிகாரி படகில் ஏறி, பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இந்த வார் சரியா இறுகியிருக்கோ? எனக்கு நீந்தத் தெரியாது.”

“நீங்க கைய அசைங்க சேர், மிச்சத்த நாங்க பாக்கிறோம்!”

அதிகாரி கையை அசைத்தார். பஸ் பறந்தது. படகு சீறிக்கொண்டு கிளம்பியது.

“விடுங்க நானா! இன்னும் விடுங்க!”

பாதி ஆறு தாண்டியிருக்கும். எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு நின்றே போனது.

“யா அல்லாஹ்!”

முனாஸ் எஞ்சின் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், அது அசையக் காணோம். ஜஹானா துடுப்பைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். மற்றப் பயணிகள் கையாலேயே துழாவினார்கள். இந்த அமளியில் அதிகாரியும் தன் ஃபைலால் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்! நான்கு தரம் தள்ளிய பிறகுதான் தான் யாரென்று நினைவு வந்து, ஃபைலை உதறி மடியில் வைத்துக்கொண்டார்.

“பஸ் எங்க? பாலத்தத் தாண்டிட்டா?” ஜஹானா நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஆள் ஏற்றும் ஹோல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. சுமன் கதவைத் திறந்துபோட்டு, கண்டி, கண்டி என்று கூவிக்கொண்டிருந்தான்.

“பாருங்க, பேராச புடிச்சவன்! ரேஸ் ஓடக்கயும் ஆள் ஏத்துறான்! நல்லா நிக்கட்டும்!”

“அவன ஏசாதீங்கோ தங்கச்சி,” என்றார் முனாஸ், கயிற்றை விடாமல்.

“ஏன் ஏசப்படாது? எங்கட பொழப்பில மண்ணப் போட வந்தவன்!”

எஞ்சின் உயிர் பெற்றது. படகே கூச்சல் போட்டது. அதே நேரம் பஸ்ஸும் ஹோர்ன் அடித்துக்கொண்டு பாலத்தில் ஏறியது.

படகு கரையில் மோதியதுதான் தாமதம், ஜஹானா அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

“மெதுவா பிள்ளை, விழுந்திடுவன்!”

“விழுந்தா தூக்குறோம் சேர், வாங்க!”

சந்தியில் அவர்கள் கால் வைத்த பிறகுதான், பஸ் வளைவில் தலையைக் காட்டியது.

படகில் வந்தவர்கள் போட்ட சத்தம் கண்டி டவுனுக்கே கேட்டிருக்கும். ஜஹானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஓம், படகு ஓடட்டும். நான் எழுதிப் போடுறன்,” என்று சொல்லிவிட்டு, அதிகாரி தன் உதவியாளரோடு சந்தியில் காத்திருந்த வாகனத்தில் ஏறிப் போனார்.

பஸ்ஸில் முதலாளியின் குரல் ஃபோனை உடைத்துக்கொண்டு வந்தது. சுமன் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான்.

“ஆளு வரும்னுதான் நின்னேங்க மொதலாளி... சரிங்க... தப்புத்தாங்க...”

ஜஹானா சும்மா விடுவாளா? நேரே ஜன்னலடிக்குப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தால் பஸ் காலி.

“என்ன தம்பி, அவ்வளவு நேரம் கூவியும் ஒரு ஆளும் சிக்கல்லயா? ஆசைப்பட்டு ரேஸையும் விட்டுட்டியே!”

சுமன் ஃபோனை அணைத்தான். அதிகாரியின் வாகனம் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“ஆளுக்காக நிக்கலீங்க அக்கா. என் வீடு இந்தக் கரையில. ராவைக்கு பஸ் நிக்கிறது அந்தக் கரையில. விடியக்கால மொத பஸ்ஸே நான் ஓட்டுறதுதான். அந்த பஸ்ஸ எடுக்க நான் எந்த பஸ்ல போறது?”