பிலு கூப்பிடும் இடம்

வளையல்களைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

மைக் முன்னால் எதுவும் சத்தம் போடக் கூடாது. வளையல், மொடமொடக்கும் துப்பட்டா, பசித்த வயிறு. செருப்பையும் கதவுக்கு வெளியே விட்டாள்.

நித்திலா வளையல்களை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜெபராஜின் ஒலிப்பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலி. ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மைக் முன்னால், அம்மா தீரன். கார்ட்டூன் தொடரில் வரும் பத்து வயதுப் பையன்.

ஐந்து வருடமாக அவனுக்குத் தமிழில் அவள்தான் குரல். நான்கு வயதில் நித்திலா டிவிக்குப் பின்னால் போய்த் தீரனைத் தேடியிருக்கிறாள். ஒரு நாள் அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தாள். அதன் பிறகு தேடவில்லை.

திரையில் மலைச்சரிவு. தீரனுக்கு எதிரே பிலு.

முயல் அளவு. பாசி நிறம். காது மட்டும் உடம்பைவிடப் பெரிது. தன் பெயரைத் தவிர அதற்கு வேறு பேச்சு வராது. அந்த ஒரு குரலை மட்டும் எந்த மொழியிலும் மாற்றுவதில்லை.

மேட்டுக்கு அப்பால் பிலுவின் கூட்டம் வந்து காத்திருக்கிறது. பனி இறங்குவதற்குள் கிளம்பிவிடும். இங்கேயே தங்கினால் பிலு குளிரில் பிழைக்காது.

பிலு நகர மாட்டேன் என்கிறது.

அதனால் தீரன் அதை விரட்ட வேண்டும்.

வசனத்தாளில் ஒரே வரி. போ. நீ எனக்கு வேண்டாம். போ.

ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு. கோபமாக. அழுகை தெரியக் கூடாது.

முதல் டேக் முடிந்ததும் ஹெட்ஃபோனில் ஜெபராஜ் வந்தான்.

"அக்கா, லிப் சிங்க் கரெக்டா உக்காந்திருக்கு. ஆனா அழறது நீங்க. பையன் அழல. இன்னொண்ணு போயிடலாமா?"

தலையாட்டினாள்.

அழுகை வந்தால் குரல் இறங்கிவிடும். மூக்கு அடைத்துக்கொள்ளும். தீரன் விலகிப்போய், அந்த இடத்தில் முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி நிற்பாள்.

தீரனின் குரலில் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை.

இரண்டாவது டேக்.

மூன்றாவதில் முதல் 'போ' சரியாக வந்தது. அடுத்தது உடைந்தது.

மூன்று வாரமாக அவள் வாயில் வராத சொல் அது.

நாளைக் காலை நித்திலாவின் அப்பா கோவையிலிருந்து வருகிறார். நான்காம் வகுப்பு முடியும்வரை அம்மாவிடம், அதன் பிறகு அப்பாவிடம். பிரிந்தபோது இருவரும் சேர்ந்து போட்ட கையெழுத்து. அவர் நல்லவர்தான். கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

நித்திலா அழவில்லை. அடுக்கிய பெட்டியை இரண்டு முறை பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான்.

மூன்றாவது முறை அடுக்கும்போது சொன்னாள்.

"நீ போன்னு சொல்லு. போறேன்."

அம்மா அவள் சட்டை ஒன்றின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். மடிக்கும் சட்டைக்கு எல்லாப் பொத்தான்களும் தேவையில்லை. எல்லாவற்றையும் போட்டாள்.

ஐந்தாவது டேக்.

"வெந்நீர் தரச் சொல்லவா அக்கா?"

வேண்டாம் என்று கை காட்டினாள். கை காட்டும்போது கண்ணாடியைப் பார்த்துவிட்டாள்.

நித்திலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகள் இறுக மூடியிருந்தன. ஒரு வளையல்கூட இன்னொன்றின் மேல் படக் கூடாது என்பதுபோல.

அந்த அறையின் சத்தம் இங்கே கேட்காது. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆறாவது டேக்கும் போயிற்று.

ஏழாவதற்கு முன்னால் காட்சியை ஒரு முறை வசனம் இல்லாமல் ஓடவிடச் சொன்னாள். ஓடியது.

அப்போதுதான் கவனித்தாள். 'போ' என்று சொல்லும்போது தீரன் பிலுவின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் காதுக்கு மேலே, தூரத்தில் தெரியும் மேட்டைப் பார்க்கிறான். பிலு போய்ச் சேரவேண்டிய இடத்தை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"போ. நீ எனக்கு வேண்டாம். போ."

சொல்லில் ஈரமே இல்லை.

ஜெபராஜ் அதை ஒரு முறை திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். பிறகு, "ஓகே அக்கா" என்றான்.

திரையில் பிலு நடக்கிறது. மேட்டில் ஏறியதும் நின்று, ஒரே ஒரு முறை கூப்பிடுகிறது.

பிலு.

தீரன் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் வசனம் கிடையாது. மூச்சு மட்டும் வேண்டும். உள்ளே போகும் வழியில் பாதியில் நின்றுவிடும் மூச்சு.

அதை ஒரே டேக்கில் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் வளையல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

நித்திலா பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே போய் நின்றிருந்தாள். ஷூ கயிற்றை அவளே கட்டியிருந்தாள்.

அம்மா கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்று வளையல்களை எடுத்துப் போட்டாள். ஒன்று. இரண்டு.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிலு."

அதே சுருதி. ஒரே ஒரு முறை.

ஜெபராஜ் சிரித்துவிட்டான். "அப்படியே இருக்கே பாப்பா! அடுத்த சீசனுக்கு நீயே வந்துடு."

மூன்றாவது வளையல் விரல் முட்டியில் ஏறாமல் நின்றது.

அந்த இடத்தில் வசனம் கிடையாது.