பின்னால் ஓடிய மீட்டர்

"கண்டியளா சாறே? பின்னால ஓடுது! நான் சொன்னப்போ ஆரும் நம்பல்ல."

கிருஷ்ணன்குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு விஜயதாஸ் மேல் கரண்டாபீசில் புகார் சொன்னது அவர்தான். இப்போது ஓவர்சியரே வந்து விஜயதாஸ் வீட்டு மீட்டருக்கு முன்னால் நிற்கிறார். அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க, தன் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பம்பு மோட்டாரைக்கூட நிறுத்தாமல் ஓடி வந்திருந்தார்.

தொண்ணூற்றாறு கோடை. பாறசாலைப் பக்கம் கரண்டு வந்தால் வந்தது, போனால் போனது. வந்தாலும் பல்பு அழுது வடியும். அந்த நேரத்தில் ஒருத்தன் மீட்டரைப் பின்னால் ஓட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"களவாக்கும் சாறே. பட்டப்பகல் களவு!"

மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் விஜயதாஸ் நிதானமாகச் சொன்னான். "களவொண்ணும் இல்ல சாறே. வீட்டுக்குப் பொறத்தால வற்றாத தோடு ஒண்ணு ஓடுது, சின்ன ஓடை. அதில ஒரு சக்கரம் வச்சு, பழைய மோட்டார் ஒண்ணைச் சுத்த விட்டிருக்கேன். அதில வாற கரண்டு லைனுக்குப் போவுது. நான் எடுக்கல்ல, தாறேன்."

"தாறியா?" ஓவர்சியர் முழித்தார். "ஓய், நாங்க தருவோம், நீங்க வாங்கணும். அதுக்குத்தான் சட்டம் உண்டு. நீரு தந்தா வாங்க எங்ககிட்ட சட்டம் இல்ல. மீட்டர் பின்னால ஓடினா களவுன்னுதான் எழுத முடியும்."

"நல்லா எழுதுங்க சாறே!" என்றார் கிருஷ்ணன்குட்டி.

சக்கரத்திலிருந்து வந்த வயரை ஓவர்சியர் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"அண்ணே, இது வேண்டாமாயிருந்தது" என்றான் விஜயதாஸ்.

"போலே! உள்ளதைச் சொன்னா உறைக்குதோ?"

மறுநாள் காலை கிருஷ்ணன்குட்டி தோட்டத்தில் மோட்டாரைப் போட்டார். ஓணத்துக்கு வெட்ட வேண்டிய ஏத்தன் வாழை, குலை தள்ளுகிற பருவம். இப்போது தண்ணீர் விடாவிட்டால் வருஷத்துப் பாடெல்லாம் மண்ணாய்ப் போகும். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. அடுத்த நாளும் அதே முனகல். கடைசியில் கருகிய வாடை வந்தது.

சுற்றுவட்டாரத்தில் வைண்டிங் கடை ஒன்றே ஒன்றுதான். வேறு என்ன செய்ய? மோட்டாரைத் தோளில் ஏற்றி, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விஜயதாஸ் வீட்டுக்கே போனார். அவன் இல்லை. அவன் மனைவி ஜெஸிதான் வெளியே வந்தாள்.

"வோல்டேஜே இல்ல ஜெஸி. ஆறு மாசமா நல்லா ஓடின மோட்டாராக்கும். இப்ப என்ன எழவோ, கருகிப் போச்சு. வாழையெல்லாம் போயிரும் போல."

ஜெஸி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த லைன்ல நம்ம ரெண்டு வீடுதானேண்ணே கடைசி. இவரு லைனுக்கு விட்ட கரண்டு வேற எங்க போச்சுன்னு நெனச்சிய? உங்க மோட்டாருக்குத்தான். நீங்க தண்ணி விடுற நேரம் இங்க ஃபேன், லைட்டு ஒண்ணும் போடவிட மாட்டாரு. பிள்ளைக்கு வேர்த்து ஊத்தினாலும், 'அண்ணனுக்க வாழை வாடிரும்'னு சொல்லிருவாரு. நாங்க எல்லாத்தையும் அணைச்சு வச்சதுனாலதானே அண்ணே, மீட்டர் பின்னால ஓடிச்சு!"