ஓடாத தேநீர்

பிசுபிசுப்பான திரவங்கள் எப்படி ஓடுகின்றன என்ற ஆய்வால் பேராசிரியரான உதுமாலெவ்வை, 1984இல் லண்டனிலிருந்து கல்முனைக்கு வந்தார். அந்த ஆய்வு, அவரோடு படித்துக் காய்ச்சலில் இறந்துபோன ஆதம்பாவா செய்தது. அது ஆதம்பாவாவின் தங்கை றாபியாவுக்குத் தெரியும்.

துக்கம் விசாரிக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்தாள். அதே கேத்தலிலிருந்து தானும் ஊற்றிக் குடித்தாள். அவர் கோப்பையைச் சரித்தார், தேநீர் அசையவில்லை. கவிழ்த்தார், விழவில்லை.

றாபியா வியக்கவில்லை. "இது ஏன் ஓடுதில்ல? நீங்கதானே படிச்சவர், சொல்லுங்க."

"எனக்குத் தெரியா தங்கச்சி. எல்லாம் உங்கட காக்கா ஆதம்பாவாட எழுத்து. மன்னிச்சிருங்க."

"மன்னிக்க ஏலா," என்றவள் இன்னொரு கோப்பை ஊற்றி ஆறுதலாகக் குடித்தாள்.

அவர் அழுதார். கண்களில் திரண்ட நீர் கன்னத்தில் இறங்காமல் அப்படியே நின்றது.