முதல் பேணி

சிமியோன் தகரப் பேணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

குடிக்கவில்லை.

தண்ணீரை ஒருமுறை சுழற்றினார். பேணியின் அடி பளிச்சென்று தெரிந்தது. மறுபடியும் முகர்ந்தார்.

எங்கள் நிலையத்தின் குழாயிலிருந்து ஊருக்கு வந்த முதல் தண்ணீர் அது. சற்று முன்னர்வரை அது கடலாக இருந்தது.

பின்னால் பம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. கடல்நீரைச் சவ்வுகளுக்குள் அழுத்தித் தள்ளுவது அவற்றின் வேலை. சவ்வு தண்ணீரை விடும், உப்பை மறிக்கும். அந்த அழுத்தத்தைக் கணக்குப் பார்த்து நடத்துகிற பொறியியலாளர் நான். சமன்பாடுகள் எல்லாம் தெரியும்.

ஆனாலும் காலையில் மீற்றரில் உப்பின் அளவு விழுந்து, இன்னும் விழுந்து, இந்த ஊர்க் கிணற்று நீரின் அளவையெல்லாம் தாண்டிக் கீழே போனபோது மீற்றரை இரண்டுதரம் தட்டிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துவிட்டு, சவ்வுகள் இருக்கும் வெள்ளைக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய நடுக்கம். அவ்வளவுதான். உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியவில்லை.

நானும் இன்னும் குடிக்கவில்லை. முதல் பேணி சிமியோனுக்கு என்பது பேச்சு.

அவர் இந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். நிலையம் கட்டுவதற்கு முன்பு மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது, எல்லோரும் பேசி முடியும்வரை இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எடுக்கிற உப்பை எங்கை பிள்ளை கொண்டுபோய்க் கொட்டுவியள்?"

என்னிடம் நீண்ட விளக்கம் இருந்தது. கடலில்தான் என்று மட்டும் சொன்னேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிறகு கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவுதான் குடிநீராகும். மிச்சம் இன்னும் கரிப்பாகித் திரும்பக் கடலுக்கே போகும். கரையை விட்டுத் தள்ளி, ஆழத்தில், பரவலாக விடுவோம், மீன் விலகாது என்றேன். யாருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. எனக்கு அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அது அவர்களுடைய சோறு.

கடைசியில் இப்படி முடிவானது. தண்ணீர் வரும் நாளில் தலைவர் வந்து பார்ப்பார். குடித்தால் நிலையத்தின் குழாய்கள் கடலில் கிடக்கலாம். மறுத்தால் சங்கத்துப் படகுகளே அவற்றை இழுத்துக் கரையில் போடும்.

தண்ணீருக்குக் கான்களோடு காத்திருந்த வரிசையில் முதலாவதாக நின்றவர் ஸ்ரெல்லா அக்கா. தண்ணீர்ப் பவுசர் லொறி வராத நாட்களில் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறவர். பொறுமை முதலில் போனதும் அவருக்குத்தான்.

"சிமியோன் அண்ணை, பொம்பிளை பாக்க வந்த மாதிரி தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். குடியுங்கோவன்."

பெண்கள் சிரித்தார்கள்.

சிமியோன் திரும்பியும் பார்க்கவில்லை. பேணியை உள்ளங்கையால் மூடினார். படலையைத் திறந்துகொண்டு கடலைப் பார்த்து நடந்தார்.

சிரிப்பு நின்றது.

கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்களுக்கு நடுவே, ஒரு துளியும் சிந்தாமல் போனார். சாரத்தை மடித்துக் கட்டினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, மூடியிருந்த கையை எடுத்தார்.

ஊற்றினார்.

மெதுவாக, முழுவதையும். கடைசித் துளி விழுந்த பிறகும் பேணியைக் கவிழ்த்தே பிடித்திருந்தார்.

யாரோ எனக்குப் பின்னால் போச்சு என்றார்கள். ஸ்ரெல்லா அக்கா கானை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. வெறும் கான்.

நிலையத்தை நிறுத்துவதென்றால் முதலில் எந்த வால்வை மூட வேண்டும், அடுத்தது எது என்று என் மனம் ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு வருவது இதுதான்.

அவர் திரும்பி வந்தார். சாரத்தின் ஓரம் நனைந்து ஒட்டியிருந்தது. நேரே என்னிடம் வந்து வெறும் பேணியை நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை.

"என்ன முழுசிறாய்? பிடிக்கிற மீனை வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு எண்டு பிரிக்கிறம். கடலுக்குக் கழிவு மட்டுமெண்டா ஞாயமே? நல்லதிலை அதின்ரை பங்கைக் குடுத்திட்டன். இப்ப என்ரையை ஊத்து."

நான் வரைந்த படம் கண்ணுக்குள் வந்தது. அதில் கடலுக்குப் போவதாக ஒரே ஒரு கோடுதான் இருந்தது.

குழாயைத் திறந்தேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பேணி நிறைந்து விரல்களின் மேல் வழிந்தது.

அவர் நின்றபடியே குடித்தார். முழுவதையும். மீசையைத் துடைத்துக்கொண்டு குழாயடியை விட்டு விலகினார். பிறகு ஸ்ரெல்லா அக்காவின் கானைத் தானே தூக்கிக் குழாயின் கீழே வைத்தார்.

வெறும் கானின் அடியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு வரிசை முழுவதும் அசைந்தது.

நான் கடலைப் பார்த்தேன். அவர் நின்ற இடம் எது என்று அதற்குள் தெரியாமல் போயிருந்தது. ஒரு பேணி நன்னீரால் ஒரு கடலின் உப்பு எவ்வளவு குறையும் என்று என்னால் கணக்குப் பார்க்க முடியும். தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை பூச்சியங்கள் வரும் என்று யோசித்தபடி, யாரும் பார்க்காத நேரத்தில், நனைந்த விரலை நாக்கில் வைத்தேன்.