தண்ணீர் படாத டீசல்

“சாமி சத்தியமா மாமா, இதுல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படல!”

சூர்யபிரகாஷ் கெஞ்சினான். டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்த தாய்மாமன் ஆதிகேசவன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“அதான்டா எனக்கு பயமே. கழுவாத எண்ணெய ஊத்தி வண்டி பாழாப்பூட்டா?”

“தண்ணிக்குப் பதிலா மரத்தூள் மாமா. காய்ச்சறப்ப எண்ணெயில சேர்ற சோப்பையெல்லாம் தூளே உறிஞ்சிக்கும்.”

திருத்தணி வடைக்கடைகளில் பழைய எண்ணெய் வாங்கி வந்து அவன் பயோடீசல் காய்ச்சுவதைக் கே.ஜி.கண்டிகை ஊரே கேலி செய்தது. முதல் தடவை தண்ணீர் விட்டுக் கழுவியபோது மொத்தமும் மோர் மாதிரி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் பயிருக்கே போதாமல், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடும் ஊரில், மறுபடி கழுவ யார் தண்ணீர் கொடுப்பார்கள்? அப்போது பிடித்ததுதான் இந்த மரத்தூள் வழி.

“சரி. நாலு சால் உழுது காட்டுச்சுன்னா கவிதா உனக்கு. நின்னுடுச்சுன்னா மணவூர் மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னிக்கே சேதி சொல்லிடுவேன்.” வரப்பில் நின்ற மகள் பக்கம் திரும்பினார். “இவன வண்டிகிட்டயே விடல. நேத்து இவன் குடுத்துட்டுப் போன எண்ணெய்க் கேன நீதான ஊத்தின?”

“ஆங்... ஊத்திட்டேன் நைனா.”

கவிதா தலை நிமிரவில்லை. பாவா என்று அவள் கூப்பிடும் சூர்யபிரகாஷின் பக்கமும் பார்க்கவில்லை.

டிராக்டர் கிளம்பியது. முதல் சால் சுத்தமாக விழுந்தது. காற்றில் எங்கிருந்தோ வடை வாசனை வந்தது. மணவூர்க்காரர்களுக்காக அத்தை இப்போதே வாணலி ஏற்றிவிட்டாளா?

இரண்டாவது சாலில் வண்டி இருமியது, முக்கியது, நின்றே விட்டது. கிணற்றடி ஆயில் இன்ஜின் சத்தம் மட்டும் தடதடவென்று கேட்டது.

“இன்னா மாப்ள, வண்டிக்கு அஜீரணமா?” பக்கத்து நிலத்து ஆறுமுகம் சிரித்தார்.

ஆதிகேசவன் இறங்கி, ஃபில்டரைத் திறந்து, வழிந்ததைப் பாட்டிலில் பிடித்தார். மேலே டீசல். அடியில் தனியாக, கண்ணாடி போலத் தண்ணீர்.

“சாமி மேல சத்தியம் பண்ணியேடா. இது இன்னா?”

சூர்யபிரகாஷ் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தண்ணீரேதான். குழந்தையைப் பார்ப்பதுபோல் பக்கத்திலேயே இருந்து வடித்த எண்ணெயில் இது எங்கிருந்து வந்தது? சாட்சி அவன் கையிலேயே இருந்தது. யாரிடம் என்னவென்று வாதாடுவான்?

“எனக்கே தெரியல மாமா.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

“ஆறுமுகம், அந்த செல்போன குடு. மணவூருக்குப் பேசிடறேன்.”

கவிதா ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் நைனா! பாவா தோத்துடுவாரோன்னு பயந்து, கொல்லையில மழையில கெடந்த பேரல் டீசல நான்தான் டிராக்டர்ல ஊத்தினேன்!”

“அப்ப இவனோட எண்ணெய் எங்கடி?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடியில் ஓடும் ஆயில் இன்ஜினைக் காட்டினாள்.

“விடிஞ்சதுலேர்ந்து அதுலதான் தண்ணி எறைச்சிகினு இருக்கோம், நைனா.”