மடியில் ஒரு கொத்து

"மடியை உதறு ஒச்சம்மா."

கேட்டில் மறித்தான் மேஸ்திரி பழனிக்குமார். முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. குஜிலியம்பாறைக்கு வெளியே இருக்கிறது. மடியை உதறிக் காட்டாமல் எந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போக முடியாது.

ஒச்சம்மாள் உதறினாள். சிவப்புச் சேலைக் கிழிசலால் கட்டிய ஒரு கொத்து முருங்கை இலை விழுந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? இவளப் போயி இம்புட்டு நாளும் நல்லவன்னு நம்பியிருக்கேன்!"

நர்ஸ் நான்சி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கம்பெனி செலவில் தொழிலாளிகளுக்குச் சத்துணவு வகுப்பு எடுத்திருந்தாள். கைதட்டச் சொன்னார்கள், பெண்களும் தட்டினார்கள்.

"யாருக்கும்மா இது?"

"மகளுக்கு, தாயி. பொழுது சாஞ்சா கண்ணு தெரியல. நேத்து தடவிக்கிட்டே வந்து அடுப்புல கையை வச்சுட்டா."

நான்சிக்குக் கோபம் வந்தது.

"வகுப்புல தூங்குனியா? வைட்டமின உடம்பு தானா செஞ்சுக்காது, சாப்பாட்டுலதான் வரணும். சோறு விறகுன்னா வைட்டமின் தீக்குச்சி. குச்சி இல்லாம எம்புட்டு விறகு அடுக்கினாலும் எரியுமா? என்ன ஆக்கிப் போடுற பிள்ளைக்கு?"

"ரேஷன் அரிசிச் சோறு. வெஞ்சனத்துக்கு ஊறுகா."

"தினமுமா? கண்ணே போயிரும்! உங்க ஊர்ல வாசலுக்கு வாசல் முருங்கை நிக்குது. ஒரு மரம் வளக்க வலிக்குது, திருட மட்டும் வலிக்கலையாக்கும்."

வரிசையில் நின்ற பெண்கள் அவரவர் மடியை உதறிக் காட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நாளைக்கும் வேலை வேண்டுமே.

"நாளையிலருந்து வராத," என்றான் பழனிக்குமார். கொத்தைக் கையில் எடுத்தான்.

"அப்பு, இலைய வச்சுக்க. அந்தக் கிழிசலையாச்சும் குடு. என் சேலை அது."

நான்சி திரும்பினாள். "கம்பெனி இலையில உன் சேலை எப்படி வந்துச்சு?"

"எங்க வாசல் மரத்து இலை தாயி. ஊர்ல இருக்கிற மரத்தையெல்லாம் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருச்சு. நாங்க ஒரு இலை கிள்ளக் கூடாது. காலையில வண்டிக்காரங்க மரத்த மொட்டையடிச்சப்ப, அடையாளத்துக்கு நான்தான் ஒரு கொத்துல இதக் கட்டிவிட்டேன்."

"எதுக்கு அடையாளம்? இங்கதான் இலை மலையாட்டம் குவிஞ்சு கிடக்கே."

ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்தவுக மரத்து இலைய எடுத்துறக் கூடாதுல்ல, தாயி."