நெஞ்சோடு அணைத்த பை

கடவுளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்ட மனிதனுக்கு இந்த உலகத்தில் பயமென்று எதுவுமே கிடையாது. புத்தாண்டு ஆராதனையில் வேதநாயகம் இதைத்தான் திரும்பத் திரும்ப முழங்கினார்.

பதுளை டவுனில் வீடு கட்டிக் குடியேறிவிட்டாலும், பிறந்த தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு இந்த வருடம் மூப்பராகிவிட வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. ஆராதனை முடிந்ததும் தெரிவு. பிரசங்கம் செய்யும்போதும் கனத்த துணிப்பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றார்.

"டவுன் ஆளு நமக்கு எதுக்குக்கா?" என்று பாயில் உட்கார்ந்திருந்த றீட்டா முணுமுணுத்தாள்.

"சும்மா இருடி. பைபிளக் கீழகூட வைக்காம நிக்கிறாரு, என்னா பக்தி! நான் இவருக்குத்தான் கை தூக்கப் போறேன்" என்றாள் சலோமி.

வேதநாயகத்தின் காதில் அது விழுந்தது. குரல் இன்னும் உயர்ந்தது. "வீடு, வாச, புள்ளகுட்டி எல்லாத்தையும் அவரு கையில குடுத்துட்டு நிம்மதியா இருங்க! அவரு பாத்துக்குவாரு!"

பாஸ்டர் உருகிப்போனார்.

"ஐயா, உங்க பைபிள்ல இருந்தே வருசத்துக்கான வாக்குத்தத்தத்த வாசிச்சிருங்க."

"வேணாங்க பாஸ்டர். உங்க பைபிளே போதுங்க."

"அடடா, என்னா தாழ்மை!" என்று பாஸ்டர் உரிமையோடு பையை வாங்கித் திறந்தார்.

உள்ளே வேதநாயகத்தின் புதுச் சப்பாத்துச் சோடி இருந்தது. மற்ற எல்லாருடைய செருப்புகளும் வழக்கம்போல வாசலில் கிடந்தன.